அழைக்கக் கூடாத விருந்து

சாச்சாக் ஊரில் மிலுங்காவைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகச் சொல்ல வராது. சந்தையில் பாலாடைக்கட்டி விற்கும் பெண்கள், "கம்ப்யூட்டர்ல விருந்து வைக்கிறவ" என்பார்கள். "விருந்துன்னா சாப்பாடு?" என்று யாராவது கேட்டால், "சாப்பாடு அவங்கவங்க வீட்ல. இவ வெறும் மூஞ்சியைத்தான் பரிமாறுவா" என்று சொல்லிச் சிரிப்பார்கள். பக்கத்தில் நின்றால் மிலுங்காவும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காமல் என்ன செய்வது, அவர்கள் சொல்வதில் பொய் இல்லையே.

முன்பு மொராவா ஆற்றங்கரையில் இருந்த கல்யாண மண்டபத்தில் அவள்தான் எல்லாம். எந்த மேஜையில் யார், யார் பக்கத்தில் யார் உட்காரவே கூடாது, எந்தத் தாத்தாவுக்கு மூன்றாவது கோப்பை ராக்கியா சாராயத்தோடு நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. பெரிய நோய் வந்த வருஷம் மண்டபம் மூடியது. முதலாளி அதை லாரி டயர் அடுக்கும் கிடங்காக மாற்றினார். அதே வருஷம் அவள் கணவர் திஹோமிரையும் கடவுள் அழைத்துக்கொண்டார். மகன் உக்லியேஷா ஆஸ்திரியாவில், லின்ஸில் வேலையாக இருந்தான். அடக்கத்துக்கு அவனால் வர முடியவில்லை. எல்லைகள் பூட்டிக் கிடந்தன. மிலுங்கா ஒரு கையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கல்லறை வரை நடந்தாள், அவன் பார்க்கட்டும் என்று. அவள் திரை வழியாக நடத்திய முதல் நிகழ்ச்சி அதுதான் என்று சொல்ல வேண்டும். அவள் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். தேனீ வளர்ப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நாற்பது வருஷத்துக்கு முன் ஒன்றாகப் படித்தவர்களின் சந்திப்பு. ஆஸ்திரேலியாவில் இருக்கும் பேத்தியின் ஞானஸ்நானத்தைப் பார்க்க வேண்டும் என்று அழுத ஒரு கிழவி. அக்கார்டியன் சொல்லிக்கொடுக்கும் வாத்தியார் ஒருவர் பிள்ளைகளின் கச்சேரி வைத்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்தால் ஒலி முன்னும் பின்னுமாக வந்து, நாய்ச் சண்டை மாதிரி இருந்தது. ஒரு பையனை மட்டும் கேட்கும்படி வைத்துவிட்டு மற்றவர்களின் சத்தத்தை அடைத்துவிட்டாள். அடைக்கப்பட்ட பிள்ளைகள் உயிரைக் கொடுத்து வாசித்தார்கள். தாய்மார்கள் தங்கள் பிள்ளையின் வாசிப்புதான் கேட்கிறது என்று நினைத்துக் கண் கலங்கினார்கள். மிலுங்கா அதைத் திருத்தவில்லை.

தொழிலில் அவள் கண்டுகொண்டது ஒன்றுதான். மண்டபத்துக்கு ஒரு தடவை அழைத்தால் ஆள் வரும். திரைக்கு அழைத்தால் மட்டும் போதாது, அழைத்ததை ஞாபகப்படுத்த வேண்டும். முந்தின நாள் ஒரு தடவை, அன்றைக்குக் காலையில் ஒரு தடவை. அதோடு, அமுக்கினால் நேராக உள்ளே வந்து விழுகிற மாதிரி லிங்கும் கையில் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் சொந்தத் தம்பியின் நிச்சயதார்த்தத்தைக்கூட மனிதர்கள் மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் எதற்கு வேண்டுமானாலும் அழைக்கலாம், ஸ்லாவாவுக்கு அழைக்கக் கூடாது. வீட்டுக்கு ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள். அன்றைக்கு வாசல் திறந்திருக்கும், மெழுகுவர்த்தி எரியும், மேஜையில் ரொட்டியும் இனிப்புக் கோதுமையும் இருக்கும். நாளை நினைவு வைத்திருப்பவன் தானாக வருவான். வாருங்கள் என்று கூப்பிட்டால் அது புனிதருக்கும் மரியாதை இல்லை, வருகிறவனுக்கும் மரியாதை இல்லை. மிலுங்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குப் புனித லூக்கா. அவர்கள் சபையின் பழைய காலண்டர்படி அக்டோபர் மாதத்தின் கடைசி நாள்.

இந்த நாள் தகப்பனிடமிருந்து மகனுக்கு வர வேண்டியது. மகன் தனி வீடு, மனைவி, பிள்ளை என்று ஆனதும் தகப்பன் ஸ்லாவா ரொட்டியில் பாதியைப் பிட்டு, "இனி உன் வீட்டிலும் நடக்கட்டும்" என்று கொடுப்பார். திஹோமிர் கொடுக்காமலே போய்விட்டார். மகன் எடுத்துக்கொள்ளும் வரைக்கும் அணையாமல் பார்த்துக்கொள்வது தன் கடமை என்று மிலுங்கா வருஷா வருஷம் செய்துவந்தாள். திரையில் குடும்பத்துக்கென்று ஓர் அறை திறந்து, முதல் வருஷமே எல்லாருக்கும் அதன் லிங்கைக் கொடுத்திருந்தாள். "இது நம்ம வீட்டு வாசல்னு வெச்சுக்குங்க. லூக்கா நாள்ல எப்பவும் திறந்திருக்கும்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். முதல் வருஷம் திரை கொள்ளாத முகங்கள். அடுத்த வருஷம் பாதி. அதற்கடுத்த வருஷம் யார் வந்தார்கள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் உக்லியேஷாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கோடையில் வந்திருந்தபோது, தோட்டத்தில் மிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மிலுங்கா கேட்டாள்.

"இந்த லூக்காவுக்கு நீ எடுத்துக்கிறியாடா? சாமியார் காலையில வந்து ரொட்டி வெட்டுவார். நான் திரைக்கு முன்னாடி பிட்டு, உன் பேரைச் சொல்லிக் கொடுத்துடறேன். அங்க நீயும் ஒரு ரொட்டி வெச்சுக்கோ."

"திரையில கொடுத்தா செல்லுமாம்மா?"

"சாமியார்கிட்ட கேட்டேன். கொடுக்கிற மனசும் வாங்கிக்கிற மனசும் இருந்தா கடவுள் கம்பியைப் பார்க்க மாட்டார்னு சொன்னார்."

உக்லியேஷா சிரித்தான். "சரிம்மா. செஞ்சிடலாம்" என்றான்.

அந்த "செஞ்சிடலாம்" அவளுக்கு இலையுதிர்காலம் முழுவதும் போதுமானதாக இருந்தது. ஞாயிறு தோறும் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றும்போது, "லூக்காவே, அவன் எடுத்துக்கட்டும். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று வேண்டிக்கொண்டாள். மகனிடம் மறுபடி பேச்செடுக்கவில்லை. வாரா வாரம் பேசினார்கள். குழந்தையின் பல், மழை, லின்ஸில் வீட்டு வாடகை என்று எல்லாம் வந்தது. லூக்கா மட்டும் வரவில்லை. கேட்டால் அது அழைத்தது போல ஆகிவிடும்.

அக்டோபர் நடுவில் நோவி சாத் நகரத்திலிருந்து ஸாகோர்கா போன் செய்தாள். திஹோமிரின் அண்ணன் ராதிசாவ் என்பவரின் மனைவி அவள். அண்ணன் தம்பி இருவருக்கும் லூக்காதான் புனிதர். தகப்பன் இருக்கும்போதே ஆளுக்குப் பாதி ரொட்டி வாங்கித் தனித்தனியாகக் கொண்டாடி வந்தார்கள். ராதிசாவுக்குப் பெண்கள் மட்டும்தான். அவர்கள் கட்டிக்கொண்டு போன வீடுகளின் புனிதர்களைக் கும்பிடுகிறார்கள்.

"மிலுங்கா, இந்த வருஷம் நாங்களும் திரையில செய்யலாம்னு பார்க்கிறோம். உங்க பெரியத்தானுக்கு முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு. வீடு நிறைய ஆள் வந்தா யாரு பார்க்கிறது? சிகாகோ, ஸ்டாக்ஹோம்னு எல்லாரும் சிதறிக் கிடக்காங்க. நீ ஊருக்கெல்லாம் செய்யறே, நமக்குச் செய்ய மாட்டியா?"

"செய்யறேன் அக்கா. ஆனா அன்னிக்கு என் வீட்லயும் லூக்காதானே."

"உன் வீட்ல யாரு வரப்போறா, பாவம்" என்றாள் ஸாகோர்கா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவள் பேச்சே அப்படித்தான். "ஒரு மணிக்கு ஆரம்பிச்சா ரெண்டரைக்கு முடிஞ்சிடும். நான் பேர்ப் பட்டியல் அனுப்பறேன், எல்லாருக்கும் அழைப்பு போட்டுடு."

"ஸ்லாவாவுக்கு அழைப்பா அக்கா?"

"ஐயோ, நீ எந்தக் காலத்துல இருக்கே? அழைக்காட்டி எவன் வருவான் இப்ப? நீயே சொல்லு, உன் தொழில்தானே அது."

மிலுங்கா நோட்டில் 'ஒரு மணி' என்று குறித்துக்கொண்டாள்.

"இன்னொண்ணு. உன் பேரு திரையில வர வேணாம். 'உதவி'ன்னு போட்டுக்கோ, கேமராவையும் மூடி வை. வீட்டு மருமகளையே வேலைக்கு வெச்சிருக்காங்கன்னு சிகாகோ வரைக்கும் பேசுவாங்க."

பட்டியல் வந்தது. நடுவில் உக்லியேஷாவின் பெயரும் இருந்தது. இருக்காதா பின்னே, சொந்தப் பெரியப்பா வீடு. அந்தப் பெயருக்கு நேராக மிலுங்காவின் விரல் கொஞ்ச நேரம் நின்றது. எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அது திருட்டு மாதிரி. அழைப்பின் கீழே, "அம்மா வீட்டு வாசலும் திறந்திருக்கும்" என்று ஒரு வரி சேர்க்கலாம். அது பிச்சை மாதிரி. இரண்டும் செய்யாமல் அனுப்பினாள். காலையில் நம் வீட்டுக்கு வந்து ரொட்டியை வாங்கிக்கொண்டு, பிறகு பெரியப்பா வீட்டுக்குப் போகட்டும், அதுதானே முறை என்று நினைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை நினைவூட்டல் அனுப்பினாள். லூக்கா நாளான ஞாயிறு விடிந்ததும் இன்னொன்று. தொழில் என்று வந்துவிட்டால் அவளிடம் குறை சொல்ல முடியாது.

அன்று காலை சாமியார் கவ்ரிலோ வந்தார். அவருக்கு அன்றைக்கு வீடு வீடாகப் போக வேண்டிய நாள், ஆனாலும் அவசரப்படவில்லை. ரொட்டியின் அடியில் சிலுவையாகக் கீறி, சிவப்பு ஒயின் ஊற்றி, அவளோடு சேர்ந்து பிடித்துச் சுற்றிப் பாடி, இரண்டாகப் பிட்டார். "ஒரு பாதி மகனுக்கா?" என்றார்.

"ஆமா சாமி. இப்ப வந்திடுவான்."

அடுப்பில் முட்டைக்கோஸ் இலையில் கறி சுருட்டிய சார்மா மெல்லக் கொதித்துக்கொண்டிருந்தது. சமையலறை மேஜையில் பழைய டேப்லெட்டைச் சுவரில் சாய்த்துத் தன் வீட்டு அறையைத் திறந்து வைத்திருந்தாள். அதற்கு முன்னால் பாதி ரொட்டி, வெள்ளைத் துணி, எரியும் மெழுகுவர்த்தி. திரையில் அவள் முகம் மட்டும். ஒரு தடவை ஏதோ அசைந்தது போலிருந்தது. ஈ.

ஒரு மணிக்கு லேப்டாப்பில் ராதிசாவ் வீட்டு அறையைத் திறந்தாள். பெயர் "உதவி". கேமரா மூடி, மைக் அடைத்து. ஸ்லாவா வீட்டுக்காரர் அன்றைக்கு உட்காரக் கூடாது, விருந்தாளிகளைக் கவனித்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். ராதிசாவ் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் அவருடைய வயிறும் பெல்ட்டும்தான் தெரிந்தன.

"ராதிசாவ், தலை எங்கய்யா? அடமானம் வெச்சுட்டியா?" என்று சிகாகோவிலிருந்து ஒரு சித்தப்பா கத்தினார்.

"இந்த வயித்தைப் பார்த்தாலே தெரியுது, வீடு நல்லா இருக்குன்னு!" என்றாள் ஸ்டாக்ஹோம்காரி ஒருத்தி.

மிலுங்கா ஸாகோர்காவுக்கு எழுதினாள்: "லேப்டாப்பை மாவு டப்பா மேல வைங்க அக்கா." வைத்தார்கள். ராதிசாவின் முகம் எழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒவ்வொருவராக முகங்கள் வந்து நிறைந்தன. "ஸ்லாவா நல்லபடியா நடக்கட்டும், வீட்டுக்காரரே!" என்று நாலாபக்கமும் குரல். அழைத்தவர்களில் ஓரிருவர்தான் பாக்கி. தான் இவ்வளவு நன்றாக எதையும் நடத்தியதில்லை என்று மிலுங்காவுக்குப் பட்டது.

அப்போதுதான் உக்லியேஷா வந்தான். மடியில் குழந்தை, பக்கத்தில் மனைவி. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மிலுங்கா சட்டென்று டேப்லெட் பக்கம் திரும்பினாள். அங்கே அவள் முகம் மட்டும்தான்.

"வாடா லின்ஸ்காரா!" என்றார் ராதிசாவ். "குட்டிப் பயலைக் காட்டு. யாரு மாதிரி இருக்கான்? திஹோமிர் மாதிரியேதான், அதே காது!"

கொஞ்ச நேரம் குழந்தையைப் பற்றியே பேச்சு. பிறகு ராதிசாவ் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோப்பையைக் கையில் எடுத்தார்.

"எல்லாரும் கேளுங்க. கடவுள் எனக்கு ஆண் பிள்ளை கொடுக்கலை, அதுல எனக்குக் குறை இல்லை. என் தம்பியும் இல்லை. இந்த மெழுகுவர்த்தி என்னோட அணைஞ்சு போகக் கூடாது. லின்ஸ்ல இப்ப ஒரு வீடு இருக்கு, ஒரு பையன் பிறந்திருக்கான். உக்லியேஷா, உங்கப்பா இடத்துல நின்னு கேக்கறேன். இந்த ஸ்லாவாவை என் கையிலிருந்து வாங்கிக்கிறியா?"

உக்லியேஷா குழந்தையை மனைவியிடம் கொடுத்தான். காது சிவந்துவிட்டது.

"பெரியப்பா... அம்மாவும் கேட்டாங்க, கோடையில. எனக்கு ஞாபகமே இல்லாம போச்சு. அப்புறம் அவங்களும் ஒண்ணும் சொல்லலை. லிங்க்கூட வரலை. இந்த வருஷம் செய்யலை போல."

"பாவம், தனியா எப்படிச் செய்வா?" என்றாள் ஸாகோர்கா.

"அதோட, பொம்பளை கையால ஸ்லாவா கொடுக்கிறது எங்க உண்டு?" என்றார் சிகாகோ சித்தப்பா. "பெரியப்பன் இருக்கும்போது அவன்தான் கொடுக்கணும்."

மிலுங்கா அடுப்பைத் தாண்டி லேப்டாப்பிடம் வந்திருந்தாள். விரல் மைக் பொத்தானின் மேல் இருந்தது. அமுக்கினால் போதும். "நான் இங்கதான்டா இருக்கேன். ரொட்டி வெட்டி வெச்சிருக்கேன்" என்று சொன்னால் போதும். ஆனால் நோவி சாத், சிகாகோ, ஸ்டாக்ஹோம் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு தாய் தன் பிள்ளையைத் தன் ஸ்லாவாவுக்கு எல்லார் முன்னிலையிலும் வா என்று கூப்பிட்டதாக ஆகிவிடும். அப்படி வந்து அவன் வாங்கிக்கொண்டால், அது வாங்கிக்கொண்டதாகுமா?

லேப்டாப்பில் ஒரு வரி எழுந்தது. ஸாகோர்கா எழுதியிருந்தாள்: "உக்லியேஷா முகத்தைப் பெரிசாப் போடு. சீக்கிரம்!"

எல்லாரும் ஒரே நேரத்தில் வாழ்த்துச் சொல்லி, சிரித்து, கோப்பைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். உக்லியேஷா சொல்ல வந்தது கேட்கவில்லை. அவன் கேமராவை நேராகப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

"உதவியில இருக்கிறவங்க, கொஞ்சம் மத்தவங்க சத்தத்தை நிறுத்துங்களேன். நான் இதைச் சரியாச் சொல்லணும்."

மிலுங்கா மைக் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். எல்லாருடைய சத்தத்தையும் அடைத்தாள். மகனின் முகத்தைத் திரை முழுவதும் வரும்படி வைத்தாள். அவ்வளவு பெரிதாக அவனை அவள் வெகுநாளாகப் பார்க்கவில்லை. தாடை திஹோமிருடையது. புருவத்துக்கு மேல், சின்ன வயதில் மண்டப மேஜையில் இடித்துக்கொண்ட தழும்பு.

"வாங்கிக்கிறேன் பெரியப்பா" என்றான் அவன். "கடவுள் துணையா இருக்கட்டும்." அவன் மனைவி அவசரமாக எதையோ தேடி, வாசனை மெழுகு ஊற்றிய ஒரு கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அதை ஏற்றினான். ராதிசாவ் ஊன்றுகோலை விட்டுவிட்டு அழுதார். மனிதர் உண்மையாகவே அழுதார். அதைப் பார்த்து மிலுங்காவால் அவரை வெறுக்க முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

எல்லாம் முடிந்து முகங்கள் ஒவ்வொன்றாகப் போன பிறகு, போன் அடித்தது.

"அம்மா! ஒரு விஷயம். பெரியப்பா எனக்கு ஸ்லாவா கொடுத்துட்டார். எல்லார் முன்னாடியும். நீ இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும். நீ ஏன் வரலை?"

"வேலை இருந்ததுடா."

"லூக்கா நாள்லயுமா?" அவன் கொஞ்சம் தயங்கினான். "நீ இந்த வருஷம் வைக்கலை இல்ல?"

"காலையிலிருந்து வாசல் திறந்துதான் இருந்தது."

அந்தப் பக்கம் குழந்தை மட்டும் ஏதோ முனகியது.

"லிங்க் வரலையேம்மா."

"முதல் வருஷம் கொடுத்ததுதான். வாசல் மாறலை. ஸ்லாவாவுக்குக் கூப்பிடறதில்லைடா, உனக்குத் தெரியாததா?"

"தெரியும்... ஆனா பெரியப்பா வீட்ல கூப்பிட்டாங்க. நேத்து ஒரு தடவை, இன்னிக்குக் காலையில ஒரு தடவை ஞாபகப்படுத்தினாங்க. ரொம்ப அழகா எழுதியிருந்தாங்கம்மா. அதைப் பார்த்துதான் சட்டையே எடுத்துப் போட்டேன்."

"ஆமா" என்றாள் மிலுங்கா. "நல்லாத்தான் எழுதியிருந்தாங்க."

அவன் அதைக் கவனிக்கவில்லை. "கோவிச்சுக்காதேம்மா. எப்படியோ நீ ஆசைப்பட்டதுதானே நடந்தது? அடுத்த வருஷம் நம்ம வீட்லதான். முன்னாடியே உனக்கு லிங்க் அனுப்பிடறேன்."

"அனுப்பு. இல்லாட்டி எனக்கு மறந்து போகும்."

"சரிம்மா, ஞாபகப்படுத்தறேன்" என்றான் பிள்ளை, நல்ல மனதோடு.

மகன் எடுத்துக்கொண்ட பிறகு தாய் அந்த நாளைத் தனியாக வைப்பதில்லை. அவனுடைய வீட்டுக்கு விருந்தாளியாகப் போக வேண்டும். அதனால் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் மிலுங்கா சாமியார் கவ்ரிலோவிடம் போய், அடுத்த வருஷம் லூக்காவுக்கு வரும் வீடுகளில் தன் வீட்டைச் சேர்க்க வேண்டாம் என்றாள்.

"மகன் எடுத்துக்கிட்டானா?" சாமியார் முகம் மலர்ந்தது. "நீ வேண்டிக்கிட்டதுதானே மிலுங்கா. கடவுள் கொடுத்துட்டார், பார்."

"கொடுத்துட்டார் சாமி." அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள். "கேட்டது அப்படியே கிடைச்சுது. யார் கையால வேணும்னு நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

சாமியார் ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் ஞானஸ்நானத்துக்கு வந்தவர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மிலுங்கா அவர் கையை முத்தமிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஸாகோர்காவின் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் மூலமாகக் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார்கள். லூக்கா விருந்தைப் பற்றி ஊரெல்லாம் பேச்சாம், அந்த 'உதவி' யாரோ, இரண்டு வாரத்தில் வரும் தங்கள் வீட்டுப் புனிதர் மிக்கேலின் நாளுக்கும் அதே ஆள்தான் வேண்டுமாம். பெயர்ப் பட்டியலும் வந்து சேர்ந்திருந்தது. மிலுங்கா பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் அழைப்பை எழுத ஆரம்பித்தாள்.